பூச்சியா, மூச்சா

கனகமணியின் ஸ்கூட்டர் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் ஜன்னல்கள் சாத்தப்படும் சத்தம் அவளுக்கு முன்னால் ஓடும். யாரும் திட்டமாட்டார்கள். முகம் சுளிக்கவும் மாட்டார்கள். பிணவண்டி போகும்போது ஒதுங்கி நிற்பார்களே, அந்த மாதிரி ஒரு மரியாதை. வண்டி எந்த வாசலில் நிற்கிறது என்று திரை இடுக்கில் பார்ப்பார்கள். தங்கள் வாசல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்ற வேலைகளுக்குத் திரும்புவார்கள்.

அவளுடைய வேலை இலை பார்ப்பது.

நெஞ்சுக்காய்ச்சல் கோயம்புத்தூரைப் பிடித்து உலுக்கிய வருஷத்தில், அந்த நோயின் பெரிய சூழ்ச்சியே அது முன்கூட்டித் தெரியாததுதான். இருமல் வருவதற்குள் ஒருவர் பத்துப் பேருக்குக் கொடுத்திருப்பார். அப்போதுதான் ஆராய்ச்சிக்காரர்கள் தூதுவளையைக் கையில் எடுத்தார்கள். சளிக்கு ரசம் வைத்துக் குடிக்கிற அதே முள்கொடிதான். உள்ளுக்குள் எதையோ மாற்றி வைத்தார்கள். நோய் புகுந்த நெஞ்சிலிருந்து வருகிற மூச்சில் ஒரு வாசம் இருக்கிறதாம். மனித மூக்குக்கு எட்டாது. அது பட்டால் இந்தக் கொடியின் கொழுந்து இலை கோணிக்கொள்ளும். வீட்டுக்கு ஒரு தொட்டி கட்டாயம் என்று சட்டம் வந்தது. செத்தவர்கள் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. அந்தச் செடி காப்பாற்றிய உயிர்கள் பல்லாயிரம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கனகமணியின் கணவர் மோகனசுந்தரம் செடி வருவதற்கு முந்தின மாதமே போய்விட்டார்.

செடியில் ஒரு சிக்கல் இருந்தது. தூதுவளை கத்தரி இனம். கத்தரிக்கு வருகிற அத்தனை பீடையும் அதற்கும் வரும், எல்லாமே இலையைத்தான் கோணலாக்கும். இலைப்பேன் விழுந்தால் இலை தோணி மாதிரி மேல்நோக்கி மடியும். கண்ணுக்குத் தெரியாத சிலந்தி விழுந்தால் கவிழ்த்துப்போட்ட தோணி. வெள்ளை ஈ நச்சுயிரைக் கொண்டுவந்தால் கொத்துக் கொத்தாகச் சுருட்டை. ஆகவே இலை கோணினால் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஜனங்கள் அதற்கு ஒரு பேரும் வைத்துவிட்டார்கள்: பூச்சியா, மூச்சா?

பூச்சி என்றால் வேப்பெண்ணெயோடு முடிந்தது. மூச்சு என்றால் வேன் வரும். அந்த மாடியில் ஒரே காற்றைச் சுவாசிக்கிற அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு, பொள்ளாச்சி ரோட்டில் கட்டியிருக்கிற தனிமனைக்குக் கொண்டுபோகும். ஆளுக்கு ஓர் அறை, நாற்பத்தெட்டு நாள். அரசாங்கம் அதற்கு நீளமான பேர் வைத்திருந்தாலும் ஊர்வாயில் அது ‘மண்டலம்’தான். ‘அவரு மண்டலத்துக்குப் போயிட்டாருங்க’ என்றால் வேறொன்றும் கேட்க வேண்டியதில்லை. வேலை போயிருக்கும், கடை மூடியிருக்கும், திரும்பி வந்த பிறகும் பால்காரர் பாக்கெட்டைப் படிக்கட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்.

இன்னொன்றும் நடந்தது. சட்டம் சொல்லாமல், யாரும் பேசிவைத்துக்கொள்ளாமல், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது நின்றுபோயிற்று. வந்தவரின் மூச்சு பட்டு நம் வீட்டு இலை கோணினால் உள்ளே போகப்போவது நாம்தானே? சீர்வரிசை கூரியரில் வந்தது. இழவுக்குக்கூடத் தெருவில் நின்று தலைகுனிந்துவிட்டுப் போனார்கள். ஊருக்குள் மற்றவர் வீட்டுக்குள் கால் வைக்கிறவர்கள் என்று மிச்சம் இருந்தது கனகமணி மாதிரி இலை பார்க்கிறவர்கள் மட்டும்தான். அவர்களும் மூக்கையும் வாயையும் அடைக்கிற கெட்டியான வடிமூடியோடுதான் நுழைய வேண்டும்.

வீட்டுக்குப் போனால் அவள் அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவாள். உட்கார்ந்து சாப்பிட்டால் எதிரே இருக்கிற நாற்காலி தெரியும். அவள் வீட்டுத் தூதுவளை கண்படுகிற மாதிரி செழித்திருந்தது. ஒரே ஒருத்தியின் மூச்சைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது.

அன்று காலை கணபதியில் ஒரு வீடு. நான்கு பேர் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அவள் கண்ணாடிவில்லையை இலைமேல் பிடித்தாள். மயிரிழை மாதிரி மஞ்சள் பேன்கள் ஓடின.

“பூச்சிதானுங்க.”

வீட்டுக்காரம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். கனகமணி, இலையைப் படித்துத் தீர்ப்புச் சொல்கிற கைக்கருவியில் ‘பூச்சி’ என்று பதிந்துவிட்டு வெளியே வந்தாள். பின்னால் கதவு சாத்திய வேகத்தில் அவளுடைய துப்பட்டாவின் நுனி மாட்டிக்கொள்ளப் பார்த்தது.

அடுத்தது சரவணம்பட்டி தாண்டிப் புதிதாகக் கட்டிய அடுக்ககம், மூன்றாவது மாடி. ஆறுச்சாமி என்று பேர், தனி ஆள். மாடிக்கு இரண்டே வீடு, எதிரெதிராக.

அழைப்புமணி அடிக்கும் முன்பே கதவு திறந்தது. அறுபதை நெருங்குகிற மனிதர். இஸ்திரி போட்ட சட்டை, நீர் வைத்துப் படிய வாரிய தலை.

“வாங்க மேடம், வாங்க. செருப்போடவே வாங்க, பரவால்லீங்க. இந்தச் சேர்ல உக்காருங்க. ஃபேன் போடட்டுங்களா?”

கனகமணி அந்த நாற்காலியைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை. வீடு பளிச்சென்று பெருக்கியிருந்தது. ஒரு மூலையில் பம்ப்செட் மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றுகிற பட்டறைச் சாமான்கள் துணிபோட்டு மூடியிருந்தன. கதவோரம் ஒரு துணிப்பை, ஜிப் இழுத்து, பூட்டுப் போட்டு, கிளம்பத் தயாராக.

மூச்சு என்று சொன்ன பிறகுதான் ஜனங்கள் அழுதுகொண்டே பை கட்டுவார்கள். இங்கே முன்னாலேயே கட்டியிருந்தது.

அவள் பால்கனிக்குப் போனாள். கொடியைப் பார்த்ததும் முதலில் கருவியைத்தான் நீட்டினாள், பழக்கதோஷம். அது சிவப்பாக எரிந்தது. மூச்சு, ஐயமில்லை. வழக்கமாக அதற்கு மேல் ஒன்றுமில்லை. கருவி சொல்வதை ஆமோதித்துவிட்டு வேனைக் கூப்பிட வேண்டியதுதான். ஆனால் கண் ஒத்துக்கொள்ளவில்லை.

கொழுந்து கோணித்தான் இருந்தது. ஆனால் அகலமாக இருக்க வேண்டிய இலை நாடா மாதிரி ஒடுங்கி, நரம்பெல்லாம் விசிறிக் கம்பிபோல ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, நுனியில் கிழிந்த மாதிரி பிரிந்திருந்தது. தண்டு கயிறாக முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்துத் தொங்கியது. அவள் இந்த வேலைக்கு வரும் முன் பயிர்நோய் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள். மக்காச்சோளக் காட்டில் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்து பக்கத்துப் பருத்தியில் படிந்தால், பருத்தி இலை வெண்டை இலை மாதிரி ஆகிவிடும். விவசாயிகள் வயிற்றில் அடித்துக்கொண்டு அந்த இலைகளைப் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். அதே கோணல்தான் இது.

மூன்றாவது மாடிக்குக் களைக்கொல்லி காற்றில் வராது. யாரோ ஊற்றியிருக்க வேண்டும்.

“ஐயா, உங்களுக்கு வேண்டாதவங்க யாராச்சும் இருக்காங்களா?”

“வேண்டுனவங்களே இல்லீங்க. வேண்டாதவங்க எங்கிருந்து வருவாங்க?” என்று சிரித்தார். “கருவி செவப்புக் காட்டுதுங்களே, வேன் எத்தனை மணிக்குங்க வரும்?”

“எதிர் வீட்டுல சொல்லணும். அவங்களையும் கூட்டிட்டுப் போவாங்க.”

“அது காலி வீடுங்க. கட்டுனதுலேர்ந்து பூட்டித்தான் கெடக்குது.”

கனகமணி எதிர்க் கதவின் மணியை அழுத்தினாள். உள்ளே செருப்பு தேயும் சத்தம் கேட்டது. கதவு ஒரு விரற்கடை திறந்து, அவளுடைய வடிமூடியைப் பார்த்ததும் மூடப்போய், பிறகு மெல்லத் திறந்தது. சிறு வயசுப் பெண். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். வயிறு நிறைமாதம்.

“எங்க செடி நல்லா இருக்குதுங்கக்கா. இப்பத்தான் பாத்தேன்.”

“உங்களுது இல்லம்மா. எதிர் வீட்டுல கோணியிருக்கு. உம் பேரென்ன?”

“சிந்துஜாங்க. அவரு மில்லுக்குப் போயிருக்காரு...” அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுண்டிப்போனதைக் கனகமணி பார்த்தாள். “அக்கா, எனக்கு இந்த வாரமோ அடுத்த வாரமோ ஆயிருமுங்கக்கா. அங்க போனா அவரு ஒரு ரூமு, நான் ஒரு ரூமு. பொறந்ததும் கொழந்தையத் தூக்கிட்டுப் போயி மூணாவது ரூமுல கண்ணாடிப் பொட்டியில வெச்சுருவாங்களாமா. எங்க சித்தி மகளுக்கு அப்படித்தான் பண்ணுனாங்க. மண்டலம் முடிஞ்சு கொழந்தையக் கையில குடுத்தப்ப அது இவகிட்டப் பால் குடிக்கவே இல்லீங்கக்கா.” அழவில்லை. கதவின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப் போயின. “பூச்சியா இருக்குமுங்கக்கா. இன்னொரு தடவ பாருங்க. ஒரே ஒரு தடவ.”

“நீங்க இங்க வந்து எத்தனை நாளாச்சு?”

“ஆறேழு மாசம் இருக்குமுங்க.”

அவளைக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு கனகமணி திரும்பியபோது, ஆறுச்சாமி தன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். உள்ளே போய், அவளுக்காகப் போட்டிருந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார்.

“ஆள் இருக்காங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாதுங்க. ஆறேழு மாசமாவா? ஒரு தும்மல் சத்தம்கூடக் கேட்டதில்லீங்களே.”

கனகமணி மறுபடி பால்கனிக்குப் போனாள். கொடியிலிருந்து முறுக்கிய தண்டை மட்டும் கிள்ளியெடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

“ரொம்ப ஊத்தீட்டனுங்களா?” என்றார் அவர்.

“ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்க?”

அவர் கைகளைப் பிசைந்தார். கம்பி சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன விரல்கள்.

“போன வருஷம் நெசமாவே எலை கோணிச்சுன்னு என்னைய மண்டலத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. செத்தேன்னுதான் நெனச்சேன். அங்க ரூமுக்கும் ரூமுக்கும் நடுவுல வெறும் பலகைதானுங்க. ரெண்டாம் நாளு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு குரலு, ‘பதினாறு, இன்னைக்கும் உப்புமாதானுங்களா?’ன்னு. பேரு சொல்லக்கூடாது பாருங்க, ரூம் நம்பருதான். நான் பதினாறு, அவரு பதினேழு. லாரி ஓட்டுன மனுசன். நாக்பூர் ரோட்டுல எந்த டாபாவுல பருப்பு நல்லாருக்கும், எந்த மேட்டுல பிரேக்கு சூடாகும்னு ஒண்ணு விடாமச் சொல்லுவாரு. நான் மோட்டாரப் பத்திச் சொல்லுவேன். எம் பொண்டாட்டி செத்ததச் சொன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல. பலகைமேல கைய வெச்ச சத்தம் மட்டும் கேட்டுச்சு.” நிறுத்தினார். “மொகமே பாக்கலீங்க. என்னைய முன்னால அனுப்பிட்டாங்க. வந்த மறுநாளு காலைல எந்திரிச்சு, யாராச்சும் என்ன பலகாரம்னு கேப்பாங்கன்னு ரொம்ப நேரம் படுத்தே கெடந்தனுங்க.”

“அதுக்காக?”

“அவருதான் சொல்லிக்குடுத்தாரு. ‘வெளிய இருக்க முடியலைன்னா ரெண்டு சொட்டு களைக்கொல்லி, அவ்வளவுதான். நான் வந்தது அப்படித்தான், இது மூணாந்தடவ, ஒவ்வொரு தடவையும் இதே ரூமுதான்’ன்னாரு. நெறையப் பேரு அப்படித்தான் வாராங்கன்னாரு. நான் கேட்டுச் சிரிச்சேனுங்க அப்ப.”

கனகமணி தண்டைப் பையில் போட்டாள். செடியைக் கெடுப்பது குற்றம். இரண்டு வருஷம் ஜெயில். கருவியில் இரண்டே பொத்தான்கள்: பூச்சி, மூச்சு. மனுஷன் கெடுத்தது என்று சொல்வதானால் போலீஸுக்குத்தான் போன் செய்ய வேண்டும்.

அவள் ‘பூச்சி’யை அழுத்தினாள். கருவி மறுபடி கேட்டது. மறுபடியும் அழுத்தினாள்.

“அண்ணா,” என்றாள் வாசலில் நின்று. அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “புதுச் செடி கொண்டாந்து வைப்பாங்க. அதுல கை வைக்காதீங்க. எதிர்த்தாப்புல ஒரு பச்சப்புள்ள வரப்போகுது.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கருவியின் தீர்ப்புக்கு மாறாகப் பதிந்தால் இலை ஆய்வகத்துக்குப் போயாக வேண்டும்; அது விதி. ஆய்வகத்தில் டாக்டர் பர்வீன் இருந்தாள். கனகமணியின் பழைய மேலதிகாரி. கறாரானவள், ஆனால் கேட்காமல் முடிவு கட்டாதவள். இரண்டு நாளில் கூப்பிட்டனுப்பினாள்.

“கனகா, நீ அனுப்புன இலையில பூச்சி இல்ல, முட்டை இல்ல, கடிச்ச தடம்கூட இல்ல. மூச்சும் இல்ல. ஒரு வயலுக்கே போதும்கற அளவுக்குக் களைக்கொல்லி இருக்கு. உனக்கு இது கண்ணுலேயே தெரிஞ்சிருக்கும். எதுக்குப் பூச்சின்னு போட்டே?”

கனகமணி நடந்ததைச் சொன்னாள். பலகைக்கு அந்தப் பக்கத்துக் குரல் சொன்னதையும் சொன்னாள். “நெறையப் பேரு அப்படித்தான் வர்றாங்களாம் டாக்டர். அதுதான் எனக்கு ரெண்டு நாளா உறுத்திக்கிட்டே இருக்குது.”

“கருவி கண்டுபிடிச்சிருக்குமே?”

“கருவிக்கு யாரு சொல்லிக்குடுத்தா?”

பர்வீன் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல மெதுவாகச் சொன்னாள்: “நாமதான். நாம மூச்சுன்னு சொன்ன இலைகளைக் காட்டிக் காட்டித்தான் அது படிச்சுது. வருஷா வருஷம் புது இலைகளைக் காட்டறோம். அதுல நாலு களைக்கொல்லி இலை கலந்திருந்தா, அதுவும் மூச்சுன்னு படிச்சிருக்கும். அடுத்த வருஷம் அது சொல்றதை நம்பி நாம ஆமோதிப்போம். அதுக்கடுத்த வருஷம் நாப்பது இலை...”

“காய்ச்சலே வரலைன்னா மண்டலத்துல கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்களா?”

“போன முதல் நாளே மருந்து குடுத்துடறாங்களே. காய்ச்சல் வரலைன்னா மருந்து வேலை செஞ்சுதுன்னு எழுதிப்பாங்க. மருந்துக்கப்புறம் ரத்தத்துல ஒண்ணும் தெரியாது.” அவள் எழுந்தாள். “வா.”

மூச்சு என்று தீர்ப்பான ஒவ்வொரு இலையும் குளிர்பெட்டியில் இருந்தது. அந்த வாரம் முழுக்க இருவரும் அதைத்தான் செய்தார்கள். முந்தின மழைக்காலத்திலிருந்து பின்னோக்கிப் போனார்கள். முதல் தட்டு, ஏறக்குறைய எல்லாம் களைக்கொல்லி. ஒன்றிரண்டில் வெறும் சிலந்தி. இரண்டாவது தட்டும் அப்படியே. கனகமணி கையுறையோடு இலைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பாதிக்குமேல் அவளே தீர்ப்புச் சொன்னவை. சில வீடுகள் ஞாபகம் வந்தன. சிங்காநல்லூரில் தனியாக இருந்த வாத்தியாரம்மா, மூச்சு என்று சொன்னபோது, “சரிம்மா, நல்லது” என்றாள். அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று அன்று கனகமணி நினைத்தாள். ஒண்டிப்புதூரில் ஓர் ஆள் வேனில் ஏறும்போது சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

உண்மையான காய்ச்சல் பட்ட இலை கிடைக்க இருவரும் இரண்டு வருஷத்துக்குப் பின்னால் போக வேண்டியிருந்தது. ஆறுச்சாமி முதல் தடவை ‘நெசமாவே’ கோணியதாகச் சொன்ன இலையும் வெறும் வெள்ளை ஈதான்.

நோய் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அது யாருக்கும் தெரியவில்லை. இலைகள் கோணிக்கொண்டே இருந்ததால் ஜனங்கள் பயந்து கதவைச் சாத்திக்கொண்டே இருந்தார்கள். கதவுகள் சாத்தியே இருந்ததால் உள்ளே தனியாக இருந்தவர்கள் இலையைக் கோணவைத்துக்கொண்டே இருந்தார்கள்.

“நாளைக்கே அறிக்கை அனுப்பறேன்,” என்றாள் பர்வீன். கையுறையைக் கழற்றி மேஜைமேல் போட்டாள்.

“அனுப்புனா அத்தனை பேரும் குற்றவாளி டாக்டர். ஒவ்வொரு இலையிலும் பேரும் விலாசமும் ஒட்டியிருக்கு.”

“கூடவே அவங்க மாடியில இருந்த மத்தவங்களையும் இழுத்துட்டுப் போயிருக்காங்க கனகா. வேலை போனவங்க இருக்காங்க. அவங்களுக்கு யாரு பதில் சொல்றது?”

சிந்துஜாவின் வெளுத்த விரல்கள் கனகமணியின் கண்முன் வந்தன. கூடவே, நாற்காலியில் இடிந்து உட்கார்ந்த மனிதரும் வந்தார். இரண்டில் எதையும் விலக்கிவிட முடியவில்லை.

“மூச்சுன்னு சொன்னது நான். அவங்க ஊத்துனாங்க, நாங்க உத்துப் பாக்கல. ஜெயில்னா எனக்கும் சேத்துத்தான்.”

பர்வீன் முதல் தட்டை மேஜைமேல் இழுத்து, ஓர் இலையின் உறையில் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் கீறிப் பிய்த்தாள். அடுத்ததை எடுத்தாள். கனகமணியும் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். எல்லாச் சீட்டையும் பிய்த்து முடித்து, இலைகளை ஒரே பைக்குள் கொட்டினார்கள். எது யாருடையது என்று இனிக் கடவுளுக்கே தெரியாது.

அறிக்கை மேலே போனது. எத்தனை கைகள் மாறியதோ, அரசாங்கத்தின் அறிவிப்பாக வெளியே வந்தபோது களைக்கொல்லி என்ற சொல்லே அதில் இல்லை. நெஞ்சுக்காய்ச்சல் ஒழிக்கப்பட்டது, தூதுவளைத் திட்டத்தின் மகத்தான வெற்றி, தனிமனைகள் மூடப்படும். தெருவில் பட்டாசு வெடித்தார்கள், அவரவர் வாசலில் நின்றபடி.

சிந்துஜாவுக்குப் பெண் குழந்தை பிறந்ததாக, செடிகளைத் திரும்ப எடுக்கப்போன ஆள் சொன்னான்.

பொள்ளாச்சி ரோட்டு மண்டலத்தை மூடுகிற அன்று கனகமணி அங்கே போனாள். அவளுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இலை பார்க்கிற வேலையே இனி இல்லை. ஏன் போனாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கேட் திறந்ததும் குடும்பமாக இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். காத்திருந்த கார்கள் அவர்களை அள்ளிக்கொண்டு போயின. ஒருத்தன் தன் மகனை மோந்து மோந்து பார்த்தான். பத்து மணிக்குள் அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவராக, கையில் ஒரு பையோடு, அவசரமில்லாமல். கேட்டுக்கு வெளியே வந்து புங்கமர நிழலில் நின்றார்கள். ஊருக்குள் போக அரசாங்க பஸ் ஒன்று நின்றது. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். யாரும் ஏறவில்லை. ஒருவருக்கொருவர் நான்கடி தள்ளியே நின்றார்கள். நாள்கணக்கில் பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசியவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். முகம் தெரியாததால் யார் யாரென்று தெரியவில்லை.

சிங்காநல்லூர் வாத்தியாரம்மா அங்கே நின்றாள். கனகமணியை அடையாளம் கண்டுகொண்டு அருகே வந்தாள். வசவு வாங்கத் தயாராகக் கனகமணி நிமிர்ந்தாள்.

“நீங்கதானம்மா எனக்கு மூச்சுன்னு சொன்னது? ரெண்டாந்தடவ இலை பாக்க வந்த பையன் பூச்சின்னுட்டான். நான் இன்னும் கொஞ்சம் ஊத்த வேண்டியதாப் போச்சு,” என்று சொல்லிவிட்டு, கேட்டில் பூட்டு மாட்டுகிற காவலாளியைத் திரும்பிப் பார்த்தாள். “உள்ள இருவத்தொம்பதுல ஒரு பொண்ணு நல்லாப் பாடும். இங்க நிக்கறவங்கள்ல எதுன்னு கண்டுபிடிக்க முடியல.”

அப்போதுதான் கனகமணி ஆறுச்சாமியைக் கவனித்தாள். டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். அதே இஸ்திரிச் சட்டை. மரத்தடியில் நின்ற ஆண்களிடம் ஒவ்வொருவராகப் போய், கொஞ்சம் குனிந்து, “பதினேழுங்களா?” என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவர்கள் இல்லை என்று தலையாட்டினால் போதவில்லை. வாய்விட்டுச் சொல்லும்வரை நின்றார். குரல் வேண்டியிருந்தது அவருக்கு.

“இல்லீங்க.”

“நான் முப்பத்தாறுங்க.”

“பதினேழு போன மாசமே போயிட்டாருன்னு பேசிக்கிட்டாங்க. எங்கேன்னு தெரியலீங்க.”

கடைசியில் ஒரே ஒருவர் மிச்சம் இருந்தார். குட்டையான, வழுக்கை விழுந்த மனிதர். லாரி ஓட்டினவர் மாதிரி இல்லவே இல்லை. ஆறுச்சாமி அவரிடமும் கேட்டார்.

“நான் நாப்பத்தொண்ணுங்க,” என்றார் அவர்.

அந்தக் குரல் இல்லை. அது கனகமணிக்கே தெரிந்தது. ஆறுச்சாமியின் தோள்கள் இறங்கியதிலேயே தெரிந்தது. அவர் திரும்பிப் பஸ் பக்கம் இரண்டடி வைத்தார். வைத்தவர் நின்றார். என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார்.

“சாப்டீங்களா?”

நாற்பத்தொன்று, கேட்டது தன்னைத்தானா என்று அக்கம்பக்கம் பார்த்தார். “இல்லீங்க. இன்னைக்கு உள்ள ஒண்ணும் போடல.”

“ரோட்டுமேல ஒரு மெஸ் இருக்குதுங்க. வரும்போது பாத்தேன். வாங்க போலாம்.”

அவர் கிளம்பினார். வாத்தியாரம்மா கேட்டுக்கொண்டிருந்தாள் போல. அவளும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சற்றுத் தள்ளி, பின்னாலேயே நடந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். பஸ் டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

ஆறுச்சாமி ஸ்கூட்டரைக் கடக்கும்போது கனகமணியைப் பார்த்தார். வடிமூடி இல்லாமல் அவளை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. யாரென்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“அம்மிணி, நீங்களுங்களா? வாங்க, நீங்களும் சாப்டாத மாதிரிதான் இருக்கறீங்க.”

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள், அடுப்படியில் நின்றபடி. “ஆமாங்ணா, இன்னும் இல்லீங்க,” என்றாள். ஸ்கூட்டர் ஸ்டாண்டைத் தட்டிவிட்டாள். வண்டியைக் கிளப்பினால் அவர்களை முந்திப் போய்விடும். வெயிலில் அதைத் தள்ளிக்கொண்டே அவர்களோடு நடந்தாள்.